எப்போது போனாலும் சூடாக இருந்த இன்ஜின்

ஜீவனஹள்ளியில் அந்தப் பழைய பெட்ரோல் காரை முதலில் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விற்பவர் வீட்டுக்குள்ளிருந்து சாவியோடு வருவதற்குள் நான் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டேன். சுட்டது.

"இப்பதான் சார் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். நம்பினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. அதில் எனக்குத் திருப்தி இல்லை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி வைத்த இன்ஜின் இதையெல்லாம் மறைத்துவிடும்.

எங்களுக்கு வேண்டியதே அந்தக் காலை ஸ்டார்ட்தான். என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், காலை முதல் ஷிஃப்ட். ஈஜிபுராவில் எங்கள் தெருவுக்கு விடியுமுன் ஆட்டோ புக் செய்தால், வருவதாகச் சொல்லிவிட்டு முனை வரை வந்து கேன்சல் செய்வார்கள். தாமதமாகப் போனால் அடுத்த ஆள் காத்திருப்பார். இவளை மெஷினிலிருந்து சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். காலையில் மக்கர் செய்யும் கார் எங்களுக்கு ஆட்டோவைவிட மோசம்.

இரண்டாவது தடவை சொல்லாமல் போக நினைத்தேன். மரியாதை இல்லை என்று மனைவி போன் செய்யச் சொன்னாள். புதன்கிழமை சாயங்காலம். மதியம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பானெட் மறுபடியும் சுட்டது.

"பொண்ண டியூஷன்ல விட்டுட்டு வந்தேன் சார்."

குனிந்து பார்த்தேன். தெரு முழுக்க ஈரம். காருக்கு அடியில் மட்டும் தரை காய்ந்து, வண்டியின் அளவுக்கு வெளுத்துக் கிடந்தது. மழைக்கு முன்னாலிருந்து அந்த வண்டி நகரவே இல்லை. நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றியிருக்கிறார்.

நிமிர்ந்தேன். "காலைல வந்து பாக்கலாமா?" என்றேன்.

"பேஷா வாங்க. சனிக்கிழமை ஒம்போது மணிக்கு மேல வாங்க. அதுவரைக்கும் ராகு காலம், நல்ல காரியம் பேசக் கூடாது பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது. பழைய செப்பேடுகளில் கிழமையும் திதியும் பொருந்தாவிட்டால், பின்னால் எவரோ எழுதிய போலி என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பார்கள். அவற்றைப் படிப்பது என் பொழுதுபோக்கு. இவர் சொன்னதிலும் கிழமை பொருந்தவில்லை. ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிவது திங்கட்கிழமை. சனிக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பமே. நல்ல நேரம் பார்க்கிற மனிதர் சரியாக ராகு காலத்துக்குள் என்னைக் கூப்பிடுகிறார்.

"இன்ஜின் போயிருக்கு. அதான் மறைக்கிறான்" என்றேன் மனைவியிடம்.

"இருந்தா இருக்கட்டும். நானும் வரேன். நோயாளி முன்னாடி பொய் சொல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கும்ல?"

சனிக்கிழமை ஆறரை மணிக்கே போய் நின்றோம். பானெட்டின் மேல் பனி முத்து முத்தாக இருந்தது. கையை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. லுங்கியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தவரின் முகம் மாறிவிட்டது.

"சார், ராகு காலம்..."

"அது ஒம்போதுக்கு மேல. சாவியக் குடுங்க."

திருப்பினேன். டிக், டிக் என்றது. உள்விளக்குகள் மங்கின. அவ்வளவுதான். நான் மனைவியைப் பார்த்தேன். விற்பவர் தரையைப் பார்த்தார்.

"பேட்டரி வீக் சார். விக்கிற வண்டிக்குப் புதுசு எதுக்குப் போடணும்னு விட்டுட்டேன். நீங்க வர்றப்பல்லாம் பக்கத்து வீட்டு வண்டிலேருந்து ஒயர் போட்டுத்தான் கிளப்பி வெச்சேன். அந்த வீட்டுக்காரர் எட்டு மணிக்கு முன்ன எழுந்திருக்க மாட்டார்."

"பேட்டரிதானா? இல்ல, அதுவும் கதையா?"

"தாயாணை சார்!"

மனைவி கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பே ஓட்டக் கற்றவள். "ரெண்டு பேரும் தள்ளுங்க. சத்தியம் பண்றதைவிட அது சீக்கிரம்."

தெரு கொஞ்சம் சரிவாக இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் நானும் தள்ளினோம். இரண்டாவது கியரில் அவள் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. நான் ஓடிப்போய் புகைக்குழாயருகே குந்தினேன். கொண்டுபோன வெள்ளைத் துணியைப் பிடித்தேன். ஈரம் பட்டது. கறுப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. கடகடப்பு எதுவும் கேட்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. என்ன தேடியும் ஒன்றும் அகப்படாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பேட்டரிக்கே இவ்ளோ பொய் சொல்ற ஆளை எப்படி நம்பறது?" என்று அவள் காதில் சொன்னேன்.

"அவரையா கூட்டிட்டுப் போறோம்? வண்டியத்தானே. பாருங்க, இதுக்கு எப்பவோ ஒரு தடவை ஆயில் மாத்தினாப் போதும். எனக்கு வாரம் மூணு தடவை மாத்துறாங்க. என்னைவிட நல்லாத்தான் இருக்கு."

புது பேட்டரியை அவரே போட்டுத் தரவேண்டும் என்று பேசி வாங்கினோம்.

அடுத்த டயாலிசிஸ் நாள். நான் முதலில் கீழே இறங்கி, இருட்டில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. அவள் பையோடு வந்து உட்கார்ந்தாள். கிளம்பப் போகும்போது தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் சரியாக வந்து நின்றது.

"சார், நீவேனா புக் மாடித்து?" என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டார்.

மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள். வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று எழுந்ததுமே நான் புக் செய்து வைத்திருந்தேன். ஒரு வருஷமாக வராத ஆட்டோ அன்றைக்கு வந்துவிட்டது.

"அவருக்குக் காசைக் குடுத்து அனுப்புங்க" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "லேட்டாகுது."