பலவேசம் மேஸ்திரியின் டயர் செருப்புகள்

கான்கிரீட்டுக்கு அடைத்துப் பிரித்துப் போட்ட பலகையைப் புரட்டிப் பார்க்கிறார் பலவேசம் மேஸ்திரி. துருத்திக்கொண்டிருக்கும் ஆணிக்குச் சுத்தியலால் இரண்டு தட்டு, நெம்பி ஓர் இழுப்பு. ஆணி மண்ணெண்ணெய் டின்னுக்குள் விழுகிற சத்தம் கேட்பதற்குள் அடுத்த பலகைக்குப் போய்விடுகிறார். அது தச்சன் பார்க்க வேண்டிய வேலை. கேட்டால், "தச்சன் பாப்பான். அவன் பாத்த பொறவு நானும் பாப்பேன்" என்கிறார்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஆவுடைநாயகம் கட்டுகிற விடுதிக்கு இவர்தான் மேஸ்திரி. ஆவுடைநாயகம் தென்காசியில் நிலபுலம் உள்ளவர். இந்தச் சாரலுக்கே அறைகளைத் திறந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வைகாசி முடியப்போகிறது. மேகம் மலையைவிட்டுக் கீழே இறங்கும்போதெல்லாம் பலவேசம் அண்ணாந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நா பொறுத்துக்க" என்று அதனிடமே சொல்கிறார்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு. வெற்றிலையைக்கூட நடந்துகொண்டேதான் போடுகிறார். டீ வந்தால் ஒரு மடக்கு குடித்துவிட்டுச் செங்கல் அடுக்கின்மேல் வைத்துவிடுவார். மீதி எறும்புக்கு. வேலையை வேடிக்கை பார்க்கப் போய் நான் நின்ற பத்து நாளில் அவர் உட்கார்ந்ததில்லை. பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். முதல் நாள் என்னை வரவேற்றதே இப்படித்தான்: "செருப்பு தேஞ்சு போயிருக்கு சார். அங்கனயே நில்லுங்க."

அவரிடம் வேலை பார்க்கிற பதினாறு பேர் காலிலும் டயர் செருப்பு. அப்துல் ஜப்பாரின் லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட டயரைத் தூக்கிவந்து, ஒவ்வொருவர் பாதத்தையும் கரியால் வரைந்து, வெட்டி, குதிகாலைச் சுற்றித் துளை போட்ட பின்வார் வைத்து அவரே தைத்தது. "வார் இல்லன்னா சாரத்துல ஏறும்போது கழண்டு, கீழ நிக்கவன் மண்டையில விழும்லா?"

கலவைச் சட்டி சுமக்கிற இராமலட்சுமி வாய்க்காரி. நாற்பதைத் தொட்டவள். "இதைப் போட்டுக்கிட்டு நடந்தா செங்கோட்டை பஸ்ஸு போற மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி. ஆரன் ஒண்ணுதான் இல்ல."

"ஆரன்தான் உன் வாயில இருக்கே. ஏறுட்டி மேல."

சிரித்துக்கொண்டே எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். வம்பெல்லாம் முதலாளி வரும்போதுதான். கார் சத்தம் கேட்டால் போதும், பதினாறு ஜோடிச் செருப்பும் சுவரோரம் ஒதுங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆவுடைநாயகம் கழற்றச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை, போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லியும் கேட்டதில்லை.

போன வருஷம் அவருடைய நெல் கிட்டங்கியை இலஞ்சியில் கட்டினார்கள். குத்தாலிங்கம் என்கிற தச்சன் பலகை பிரித்துக்கொண்டிருந்தான். கார் வந்தது. வேலை மும்முரத்தில் அவன் கவனிக்கவில்லை. பலவேசம்தான் கத்தினார்: "ஏலே, முதலாளி வாராக, செருப்பைக் கழத்துலே!" கழற்றிவிட்டு ஒதுங்க வைத்த முதல் அடியிலேயே துருப்பிடித்த ஆணி. மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டினார்கள். எட்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. பத்தாம் நாள் ஆள் இல்லை.

இதை என்னிடம் அவர் ஒரே மூச்சில், நடந்துகொண்டேதான் சொன்னார். பிறகு ஒரு பலகையை எட்டி எடுத்து, ஏற்கெனவே பார்த்ததைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தார். "ஆணி எவன் அடிச்சதோ. கழத்துன்னு சொன்னது நாந்தான?"

அதிலிருந்துதான் டயர் செருப்பு. முதலாளி வந்தாலும் கழற்றக்கூடாது என்று தினமும் காலையில் ஒரு தடவை சொல்வார். சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்பார்கள். கார் வந்ததும் எல்லாக் காலும் வெறுங்கால், அவருடையதும் சேர்த்து. "சொல்லுதது லேசு சார். சத்தம் கேட்டதும் குதிகால் அதுபாட்டுக்கு வெளிய வந்துருது." அதோடு, இதற்கடுத்து பண்பொழியில் முதலாளி ஒரு வீடு கட்டப்போகிறார். முகம் சுளித்தார் என்றால் அந்த வேலை வேறு மேஸ்திரிக்குப் போகும். பதினாறு வீட்டு உலையும் அதோடு போகும்.

கடைசியாக நான் பார்த்தது மேல்தளம் போட்ட அன்று. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாத வேலை. விடிந்ததும் தொடங்கிவிட்டார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போய்க்கொண்டிருந்தது. மலைமுகட்டில் கருப்பாக ஏதோ திரண்டது. பலவேசம் சாரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். "ஓட்டு, ஓட்டு, நிக்காத!"

பாதை வளைவில் ஆரன் கேட்டது.

சாரத்தடியில், உடைந்த பலகைகளுக்கு நடுவே, தலையில் சட்டியோடு நின்ற இராமலட்சுமி, தளர்த்தியே போட்டிருந்த வாரிலிருந்து குதிகாலை ஒரு சுண்டு சுண்டினாள். ஒரு செருப்பு கழன்றது. வெறுங்கால் வைக்க இடம் தேடியது. பலவேசம் ஓடி வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். சட்டென்று குத்தவைத்து, அந்தக் காலைக் கையில் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தார்.

"ஐயோ, என்ன அண்ணாச்சி இது! காலை விடுங்க. முதலாளி பாக்காக."

"பாக்கட்டும். சட்டி சாயாம பிடிட்டி."

கார்க்கதவு சாத்துகிற சத்தம். ஆவுடைநாயகம் குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். மற்றவர்கள் பாதி கழற்றிய செருப்போடு அப்படியே நின்றார்கள்.

"வாங்க முதலாளி" என்றார் பலவேசம். எழுந்திருக்கவில்லை. குனிந்த தலையோடு வாரை இழுத்து, இன்னும் ஒரு துளை தள்ளி இறுக்கினார்.