அண்ணன் மூடிய ஊற்று

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு ஆராதனைக்கு மலையேறி வந்திருக்கும் உறவினர்களையும் சபையாரையும் நண்பர்களையும் கூடப்பிறந்த தங்கையாகிய நான் வணங்கி இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அண்ணி மட்டும், "நடந்ததை எழுதுங்க. அவரே மறைக்காததை நாம எதுக்கு மறைக்கோணும்?" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் பிறந்தது காரமடைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பா காய்கறி லாரி ஓட்டினார். லாரி தினமும் மலைக்கு வந்துபோக வேண்டியிருந்ததால் குடும்பத்தோடு குன்னூருக்கே வந்துவிட்டோம். அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணன் சாலைப்பணி ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பொக்லைன் இயந்திரத்துக்குக் கிளீனராகப் போய்ச் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியதும் அவர்தான், திருமணம் செய்து வைத்ததும் அவர்தான்.

அவர் கைத்திறனை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். ஒருமுறை சினைப்பசு ஒன்று சாலையோரப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அண்ணன் தன் போர்வையையும் கயிற்றையும் அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இயந்திரத்தின் கையால் ஒரு கீறல் விழாமல் தூக்கி நிறுத்தினார். அந்தப் பசு ஆறாம் நாள் கன்று போட்டது. அந்த வீட்டார் சீம்பால் கொண்டுவந்து கொடுத்ததை அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

அதே கைகள்தான் பிறகு மலையை வெட்டின.

மலைச்சரிவில் இயந்திரம் வைத்து வெட்ட அனுமதி வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, அனுமதி இல்லாமல் வெட்டுவதே வழக்கமாகிவிட்டது. காட்டேஜ் கட்டுகிறவர்கள் தகரம் அடைத்து மறைத்துக்கொள்வார்கள். அதிகாரிகள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடக்கும். எல்லோரும் செய்கிறார்கள் என்பதே அனுமதி ஆகிவிட்டது. வெட்டச் சொன்னவர்களில் நம் சபையாரும் இருந்தார்கள். அண்ணன் மூன்று வருடம் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்த வருடங்களில்தான் என் வீட்டு ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆனது. அதுவும் அண்ணன் செய்ததுதான். அதனால்தான் நான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

குன்னூரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சரிவு. இடத்தின் பெயர் வேண்டாம். மேலே, சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு முதலாளி ஒருவர் காட்டேஜ் கட்டத் தொடங்கினார். நேர் கீழே ஏழு வீடுகள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராசாத்தி அக்கா. அவர் கொழுந்து பறிப்பவர், அவருடைய கணவர் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். வெட்டு தொடங்கிய வாரத்தில் ராசாத்தி அக்கா மேலே ஏறி வந்து அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க தம்பி, எங்க தலைக்கு மேல வெட்டுறீங்களே, ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்க அக்கா. மண்ணு கல்லாட்டம் இருக்குது" என்றிருக்கிறார் அண்ணன்.

நான்கு நாள் கழித்து வெட்டிய முகத்தில் தண்ணீர் கசிந்தது. உள்ளே ஓர் ஊற்று. அதற்கு வழிவிட்டுத்தான் கட்ட வேண்டும், அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி மண்ணை ஊறவைத்துத் தள்ளிவிடும் என்பது அண்ணனுக்குத் தெரியும். மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டார். மூடிவிட்டுச் சுவர் எழுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் மூடினார்.

இதை அண்ணன் என்னிடம் சொன்னது ஒரு வருடத்துக்குப் பிறகு, ஐப்பசி மழையில். மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் தட்டைத் தொடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார்.

"ஊத்தை மூடிட்டேன் அம்மிணி" என்றார்.

எந்த ஊற்று என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "மழை சத்தம் கேட்டாலே கர்த்தர் என் பேரைச் சொல்லிக் கூப்புடுறாப்ல இருக்குது. இங்க என்னை யாரும் புடிக்க மாட்டாங்க. அவருகிட்ட இருந்து எங்க போறது?" என்றார்.

நான் அன்று சொன்ன பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. "எல்லாரும் வெட்டுறாங்க, நீங்க மட்டுமா?" என்றேன்.

அன்றே அண்ணன் நம் சபையின் போதகரான ஐயரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். "ஐயா, ஆண்டவர் என்னை நியாயம் விசாரிப்பாருங்களா?" என்று கேட்டார். ஐயர் ஆறுதல் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர், "கீழே இருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார். அண்ணன் தலையசைத்தார், இல்லை என்று. "அப்ப இங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

முதலில் தாலுகா அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதித் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அண்ணன். அங்கிருந்த ஊழியர், "உங்க மேலதாங்க முதல் கேஸ் வரும், யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு அந்த ஏழு வீடுகளுக்கு இறங்கிப் போனோம்.

"அன்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது நீங்கதானுங்களே?" என்றார் ராசாத்தி அக்கா.

"நாந்தானுங்க. பொய் சொன்னேன்."

அவர் அடித்திருந்தால்கூட அண்ணன் நின்றிருப்பார். அவர் அடிக்கவில்லை. உள்ளே போய்த் துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

ஏழு குடும்பங்களும் நம் சபைக் கூடத்துக்கு வந்தன. மூன்று நாள் அடைமழை. சரிவு அசையவே இல்லை. நான்காம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. வேலையும் போய், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் போய், ஈரத்தரையில் படுத்துக் கிடந்தவர்களுக்குக் கோபம் வந்தது. திரும்பிப் போய்விட்டார்கள். அண்ணனைக் கடைவீதியில் "தீர்க்கதரிசி வர்றாரு" என்று கேலி பேசினார்கள். அண்ணனின் மகள் அழுதுகொண்டு வந்தாள். ஒன்றும் நடக்காமல் போனதற்காக அண்ணன் கர்த்தரைத் துதித்தார். ஆனால் பயம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மறுபடியும் மழை பிடித்தது. அண்ணன் மறுபடியும் இறங்கிப் போனார். முகம் சுளித்துக்கொண்டாலும் மற்ற ஆறு வீட்டார் வந்துவிட்டார்கள். ராசாத்தி அக்காவும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அவருடைய கணவர் மட்டும் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்து படுத்திருந்தார்.

"எல்லாம் ஆண்டவன் பாத்துக்குவாருங்க. ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வர்றேன்" என்றார்.

"ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறாரு. அதுதானுங்க எனக்குப் பயமே. எந்திரிங்க" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் உதறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மற்றவர்களைக் கூடத்தில் விட்டுவிட்டு வரலாம் என்று அண்ணன் கிளம்பினார்.

பகல் பதினொரு மணி இருக்கும். பள்ளியில் நான் வகுப்பில் இருந்தேன். லாரியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெகு நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு வீடுகளில் ஐந்து இல்லை. கீழே சாலை அடைபட்டுவிட்டதால் மீட்பு வண்டிகள் வர முடியவில்லை. மேலே காட்டேஜுக்குப் பக்கத்தில் அதே பொக்லைன்தான் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். ஏறினார். நாலு மணி வரை மண்ணை வாரினார். ஒரு தகரக் கூரை தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிக் கையால் தோண்டத் தொடங்கினார். ராசாத்தி அக்கா சாலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மண்ணைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவருடைய கணவரைத் தன் தோளில்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு அண்ணன் நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார். ஒன்றரை மாதம் சிறையில் இருந்தார். முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. அவர் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

அண்ணன் வெளியே வந்த வாரம் ஆராதனை முடிந்ததும் சபையில் ஒருவர், "அக்கிரமம் பெருகிருச்சு, கர்த்தர் மலையை அசைச்சுத் தண்டிச்சுட்டாரு" என்று சத்தமாகச் சொன்னார். அண்ணன் அதுவரை சபையில் குரல் உயர்த்தியதில்லை.

"யாரைத் தண்டிச்சாருங்க? வெட்டச் சொன்னவரு சௌக்கியமா இருக்கறாரு. வெட்டுன நான் உசுரோட நிக்கறேன். ஷிப்ட் முடிச்சுத் தூங்குன மனுசன் போயிட்டாரு. இது தண்டனைன்னா தப்பான ஆளுக்கு வந்திருக்குதுங்க. தீர்ப்பு இன்னும் வரலீங்க. வரும்போது நம்ம எல்லாரு பேரும் அதுல இருக்கும்."



அதன்பின் அண்ணன் பொக்லைனைத் தொடவே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அடைபட்ட ஓடைகளையும் ஊற்றுகளையும் திறந்துவிட்டபடி திரிந்தார். இத்தலார் வரைக்கும் நடந்திருக்கிறார். சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் மழைக்கு முன்பே போய்ப் பேசுவார். சிலர் டீ கொடுத்தார்கள். சிலர் விரட்டினார்கள். குளிரிலும் ஈரத்திலும் நெஞ்சு கெட்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை என்றார்கள்.

கடைசி நாட்களில் அவருக்குச் சாவு பயம் இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் பயம். "அம்மிணி, நான் ஆண்டவரு முன்னால நிக்கறப்ப அந்த மனுசனும் அங்க நிப்பாருல்ல? என்னன்னு அவரு மூஞ்சியப் பாக்கறது?" என்று கேட்டார். நான் போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.

அண்ணன் போவதற்கு இரண்டு நாள் முன்பு ராசாத்தி அக்கா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"மனசுல இன்னும் இருக்குதுங்க தம்பி. இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். அதே மாதிரி, என் ரெண்டு புள்ளைங்களும் உசுரோட இருக்கறதும் உங்களாலதான். ஆண்டவருகிட்ட ரெண்டையுந்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டையும் சொல்லுங்க அக்கா. எதையும் விட்டுறாதீங்க" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசியது எதுவும் இல்லை.

இரவும் பகலும் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஏழு குடும்பங்களுக்கும் கூடத்தைத் திறந்துவிட்டுச் சோறு பொங்கிப் போட்ட சபைப் பெண்களுக்கும், அண்ணனுக்காக வழக்கு நடத்திய வக்கீல் ஐயாவுக்கும், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லாத நம் ஐயருக்கும், அடக்க ஆராதனை அன்று கொட்டும் மழையில் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெட்டியைச் சுமந்தவர்களில் ராசாத்தி அக்காவின் மூத்த மகனும் ஒருவன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணன் ஆண்டவரின் சமூகத்தில் இளைப்பாறுகிறார் என்று இந்த இடத்தில் எழுதச் சொன்னார்கள். எனக்குத் துணிவு வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் ஆண்டவர் ஒருவர்தான். இரக்கம் காட்டும்படி நீங்களும் எங்களோடு கேளுங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் பள்ளிக்கு மேலே போன வாரம் புதிதாகச் சரிவு வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வெட்டச் சொன்னவர் எனக்குத் தெரிந்தவர், இந்த மலரும் அவர் கைக்குப் போகும். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, அண்ணன் போன அதே தாலுகா அலுவலகத்துக்குப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள்.

அண்ணனின் தங்கை