மேஸ்திரி அமுக்கிய பச்சை

தியாகதுருகம் சாலையில் நான் நெல் கொட்டும் மில்லில், எலிவேட்டர் பெல்ட்டுக்கு ஒரு தகர மூடி உண்டு. அதில் மூன்று விரலால் இழுத்த சந்தனக் கோடு காய்ந்து கிடக்கிறது. ஆயுத பூஜையன்று மேஸ்திரி இழுத்தது. சக்கரத்துக்கும் பொட்டு வைக்க வேண்டுமென்று அவர்தான் மூடியைக் கழற்றினார். திரும்பப் பூட்டினால் போல்ட்டுகள் தேய்ந்துபோய் நிற்கவில்லை. புதிது கேட்டார். அறுவடை முடியட்டும் என்றார் முதலாளி. மூடி சுவரில் சாய்ந்தே கிடந்தது.

மேஸ்திரி கச்சிராயபாளையத்துக்காரர். டவுன் பஸ்ஸில் வரும்போதே கரும்பு கொண்டுவந்து, பல் போன என்னிடம் நீட்டி, "கடி மாமா" என்று சிரிப்பார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பெண் செல்போனில் புதிதாகச் செய்த ஒரு 'ஆப்' கொண்டுவந்தாள். தினமும் மிஷின்களைப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, பழுதென்றால் சிவப்பு அமுக்க வேண்டுமாம். சிவப்பு விழுந்தால் சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது கைவருகிறதா என்று பார்க்க வந்திருந்தாள். மேஸ்திரி பெல்ட்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏம்மா, இதுக்கு இன்னா அமுக்கறது?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அத அமுக்குங்க ஐயா. நான் சொல்லக்கூடாது. சோதிக்கிறது உங்கள இல்ல, ஆப்பத்தான்."

பின்னால் நின்ற முதலாளி, "நெல்லு ஊறிக்கினு கெடக்குது மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். மேஸ்திரி பச்சையை அமுக்கினார். வேகமாக முடித்ததாக அந்தப் பெண் பாராட்டினாள்.

டீ குடிக்கும்போது மேஸ்திரி சொன்னார்: "ஆப்பத்தான் சோதிக்குதாம். அப்பறம் இன்னாத்துக்கு மாமா எம் மூஞ்சியவே பாத்துக்கினு எழுதுது?"

வாரம் கழியவில்லை, அவர் வலது கையை அந்த பெல்ட் இழுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கட்டோடு வந்து நின்றவரிடம், அந்தப் பெண் விட்டுப்போன செல்போனை முதலாளி நீட்டினார். "நீதான பச்சைய அமுக்கின? நான் இன்னா பண்ணட்டும்?" மேஸ்திரி பஸ் ஏறிவிட்டார். பிறகு வரவில்லை.

போன மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். சிவப்புப் பொத்தானைப் பெரிதாக்கியிருந்தார்கள். சின்னதாக இருந்ததால்தான் ஐயாவுக்குக் கண்ணில் படவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஐயா எங்கே என்று கேட்டாள். கை போனதைச் சொன்னேன்.

"அவர் ஏன் தாத்தா அன்னிக்கு செவப்ப அமுக்கல?"

எனக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு எது சரின்னு படுதோ அத எழுதிக்கம்மா" என்றேன்.

மூடி இப்போது புது போல்ட்டுகளோடு இறுக்கமாக இருக்கிறது. அதன் மேல் அந்த மூன்று விரல் கோடு. வலது கை விரல்கள்.