என்சியோவின் பெட்டிக்கு ஒரு மதர்போர்டு

என்சியோ மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அவருடைய கம்ப்யூட்டர் ஏப்ரலில் போனது.

பின்லாந்தின் தம்பெரே நகரத்து லிஃப்டுகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் என்சியோ. திறக்க முடியாத பெட்டி எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ். அதன்மேல் அவரே எழுதிய ஒரு நிரல். குடியிருப்பில் யாருக்கு எப்போது சவுனா என்னும் நீராவிக் குளியலறை, யாருக்குத் துணி துவைக்கும் அறை என்று வாசல் திரையில் அதுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் தன் முறையை விட்டால், அந்த இடத்தில் வரிசையில் முதலில் நிற்பவரை அதுவே ஏற்றிவிடும். சிபாரிசு செல்லாது.

திரை இருண்ட மறுநாளே வினை வந்தது. அங்கே குடியிருக்கும் ஹெல்க்கா துண்டும் கையுமாகச் சவுனாக் கதவைத் திறந்தால், உள்ளே மேல்படிப் பலகையில் குடியிருப்புச் சங்கத் தலைவர் கவ்கோ உட்கார்ந்திருக்கிறார்.

"இது என் நேரம்!"

"உன் நேரம்னு எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்போம்."

"முதல்ல துண்டக் கட்டுங்க. அப்புறம் சண்டை போடலாம்."

கவ்கோவின் தலை காயும் முன்னே இருவரும் மேலே ஏறி வந்து என்சியோ வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவள் அவருடைய மகள் தைமி. மின்னணுவியல் படித்தவள். அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை கூட்டம்" என்றார் கவ்கோ. "ஒரு கம்பெனி மாச வாடகைக்குத் திரை வச்சுத் தர்றேங்குது. உங்கப்பா பெட்டிய எடுத்துடலாம்னு பாக்குறேன்."

"அவருக்கு வேற கணக்கு இருக்கும்மா" என்றாள் ஹெல்க்கா. "கம்பெனி வந்தா முறையெல்லாம் புதுசாப் பிரிப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல இவருக்குக் கண்ணு. உங்கப்பா முறை மேல."

"வருஷக்கணக்கா வரிசைல நிக்கிறேன். நின்னா குத்தமா?"

தைமி இருவரையும் பார்த்தாள். "செவ்வாய்க்குள்ள ஓட வச்சுட்டா?"

கவ்கோ தாடையைச் சொறிந்தார். "ஓடினா இருந்துட்டுப் போகட்டும். ஐம்பது யூரோவுக்கு மேல சங்கம் தராது."

பெட்டியைத் திறந்தாள். மதர்போர்டில் மின்தேக்கி ஒன்று வெடித்து, அடிப்பலகை கரிந்துபோயிருந்தது. பற்றவைத்துச் சரிசெய்ய வழியில்லை. பிராசசரும் நினைவகமும் நல்ல நிலையில் இருந்தன. புது போர்டு வாங்கினால் அவை இரண்டும் அதில் பொருந்தாது. மூன்றையும் வாங்க வேண்டிவரும். ஆகவே அதே தலைமுறையைச் சேர்ந்த பழைய போர்டு வேண்டும். வலையிணைப்புச் சில்லு லினக்ஸுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அழகு, விளக்கு எதுவும் வேண்டாம்.

பழைய சாமான் விற்கும் மறுபயன்பாட்டுக் கடையில், கடைக்காரன் அன்செல்மி ஒரு போர்டை எடுத்துக் கொடுத்தான். ஏதோ அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றியது. தூசி கூட இல்லை. விலை பதினைந்து யூரோ. பிராசசர் சாக்கெட் சரி, வலையிணைப்புச் சில்லு சரி. பேரம் பேசாமல் வாங்கி வந்தாள். மேசையில் வைத்து மின்கம்பியைச் செருகப் போனபோதுதான் தெரிந்தது, செருகுமிடமே வேறு வடிவம். போர்டைச் செய்த கம்பெனி தன் பெட்டிக்கென்றே செய்துகொண்ட அளவு. படித்த படிப்பைக் கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

திங்களன்று திருப்பிக் கொண்டுபோனாள். அன்செல்மி வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது போயிட்டுப் போயிட்டு வந்துரும். போன வருஷம் ஒரு லிஃப்ட்காரர் உபரிக்குன்னு வாங்கிட்டுப் போனார். மறுநாளே வந்து மேசைல போட்டு, 'இதச் செஞ்சவன ஒரு லிஃப்டுல மாட்டி விடணும்'னார்."

"பச்சைக் குல்லா போட்டவரா?"

"ஆமா. தெரிஞ்சவரா?"

"எங்கப்பா."

அன்செல்மியின் சிரிப்பு நின்றது. உள்ளே போய்த் துழாவி வேறொரு போர்டு கொண்டுவந்தான். மங்கிய பழுப்பு நிறம், ஓர் ஓரத்தில் கீறல். "லட்சணமா இருக்காது. ஆனா எந்தக் கம்பியும் சேரும். முப்பது." தைமி இந்த முறை செருகுமிடத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, அப்பாவின் வன்வட்டைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். புது உடம்பு என்று அது முனகக்கூட இல்லை. எழுந்து நின்றது. அப்பாவின் திரை, அப்பாவின் பெரிய எழுத்துகள்.

வாசல் திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. வலையிணைப்பு இல்லை. தைமி யோசித்தாள். எல்லோரும் இதைக் கம்ப்யூட்டரின் பொறுப்பில் விடுவார்கள், அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்பா விட்டிருக்கமாட்டார். அமைப்புக் கோப்பைத் திறந்தாள். நினைத்தபடியே, பழைய வலையிணைப்புச் சில்லின் பெயரைக் கைப்படத் தட்டி வைத்திருந்தார். போர்டு மாறியதும் அந்தப் பெயரும் மாறிவிட்டது. பிடிவாதக்காரர். ஒரே சொல்லைத் திருத்தினாள்.

செவ்வாய் மாலை கூட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். திரை எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நேரே: என்சியோ.

கவ்கோ தரையைப் பார்த்தார்.

தைமி மடிக்கணினியைப் படிக்கட்டில் வைத்து உட்கார்ந்தாள். அந்தப் பெயரை நீக்க ஒரு வரி போதும். தட்டிவிட்டு, என்டர் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு அழுத்தினாள். திரை ஒரு கணம் வெறுமையாகி, மறுபடி நிறைந்தது.

வெள்ளிக்கிழமைக்கு நேரே: கவ்கோ.

"அட" என்றாள் ஹெல்க்கா. "தூக்கிப் போடணும்னு நின்ன பெட்டி உங்களுக்கே கொடுத்துருச்சு!"

கவ்கோ குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். "நீ செஞ்சதா?"

"நான் அவர் பேர எடுத்தேன், அவ்வளவுதான். மத்தது அவர் எழுதினது."

கவ்கோ சட்டைப் பையில் இருந்த வாடகைக் கம்பெனித் தாளை எடுத்து நான்காக மடித்தார். "அடுத்த வாரத்துல இருந்து நான் போறேன். இந்த வெள்ளிக்கிழமை நீ போ. சவுனா அடுப்பு சூடாக நேரமெடுக்கும். முன்னாடியே போட்டு வைக்கிறேன்."