யாழினிக்குக் குளிரவில்லை

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கொடைக்கானலில் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன்... இன்றைக்கும் ‘ஹோம்மேட் சாக்லேட்’ போர்டைப் பார்த்தால், ‘யார் வீட்டில் செய்தது?’ என்று கேட்காமல் நகர்வதில்லை. என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் போன ஞாயிற்றுக்கிழமை முருகேசன் ஒரு உதவி கேட்டு வந்தார். மன்னவனூரில் கேரட் போடுகிறவர். எங்கள் தெருவுக்கு வாரம் தவறாமல் மூட்டையோடு வருவார். இந்த முறை மூட்டை இல்லை. மனைவி ஜோதியும், அவள் மடியில் மகள் யாழினியும். ஆறு வயது. தலையில் கம்பளிக் குல்லா, பார்வை மட்டும் எங்கேயோ.

கைக்குழந்தையாக இருந்தபோது யாழினிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வலிப்பு. இன்றுவரை அது நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. ஊசிதான் காரணம் என்று நஷ்ட ஈடு கேட்டு திண்டுக்கல்லில் கேஸ் நடக்கிறது. அதை நான் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும்.

“நீங்க எழுதுனா நாலு பேரு படிப்பாங்கக்கா. கேஸு வெரசா முடியும்” என்றார்.

குழந்தையின் குல்லாவைச் சரிசெய்து விட்டேன். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? ஊசியால் யாருக்கும் ஒன்றுமே ஆகாது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. என் பிள்ளைகளுக்கும் அதே ஊசிகள்தான் போட்டேன். ஊசிக்குப் பின்னால் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததுதான் என்று தலையாட்டவும் மனம் வரவில்லை.

மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். ஒரு தடவை காட்டினார்களாம். பிறவிக் கோளாறா என்று பார்க்க அவர் ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னாராம். அது தெரிந்தால்தான் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியுமாம்.

சரி, எடுத்தீர்களா?

முருகேசன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். அன்றுதான் மலையேறி வந்த டூரிஸ்ட்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

வசதி இல்லையோ என்று நினைத்தேன். அதுவும் இல்லை — இலவசமாகவே செய்து தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். வக்கீல்தான் வேண்டாம் என்றாராம். வேறு ஏதாவது காரணம் தெரிந்து தொலைத்தால் கேஸ் படுத்துவிடும், தீர்ப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம்.

தீர்ப்பு எப்போது வரும்? அது வக்கீலுக்கும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை இந்தக் குழந்தை ஒத்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் பழைய மாத்திரையையே விழுங்க வேண்டுமா?

ஜோதியிடம் நேராகவே கேட்டேன். ஊசிக்கு முன்னால் எப்போதாவது இப்படி வந்ததா? அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏரியிலிருந்து திரும்பவில்லை.

“ஊசி போடுறதுக்கு முன்னாடியே, குளிப்பாட்டயில வெந்நி ஊத்துனா ஒரு கையி வெட்டி வெட்டி இழுக்கும்க்கா. கண்ணு சொருவும். குளுருல நடுங்குதுன்னு நெனச்சு இன்னும் வெந்நி ஊத்துவேன். எங்க ஊருல பச்சப்புள்ள நடுங்குனா யாரு பயப்படுவா?”

உண்மைதான். மன்னவனூர்க் குளிரில் பெரியவர்களே நடுங்கிக்கொண்டுதான் பல் தேய்க்கிறார்கள். இதே குழந்தை மலைக்குக் கீழே கன்னிவாடி வெயிலில் பிறந்திருந்தால், நடுங்கிய முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

இப்போது வலிப்பு வரும்போதும் அதே கை, அதே வெட்டு. அதைப் பார்த்துத்தான் ஜோதிக்குப் பொறி தட்டியிருக்கிறது. வக்கீலிடம் சொல்லியிருக்கிறாள். வெளியே மூச்சு விடக் கூடாது என்றாராம். மதுரை டாக்டருக்கு இது இன்னும் தெரியாது.

வெந்நீரா, ஊசியா, பிறவியா... நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேஸைப் பற்றி எழுத மாட்டேன், முதலில் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன்.

முருகேசன் இப்போதுதான் திரும்பினார். “டெஸ்ட்டுல வேற என்னமும் வந்து கேஸு போச்சுன்னா, எங்க காலத்துக்கப்புறம் இவள யாருங்கக்கா பாத்துக்குவா?”

எனக்குச் சுருக்கென்றது. பேராசை பிடித்த மனுஷன் என்று அதுவரை உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோதிதான் பதில் சொன்னாள். சத்தமே இல்லாமல்.

“அதுக்கு மொதல்ல புள்ள இருக்கணும்ல?”

புதன்கிழமை மதுரையிலிருந்து போன் வந்தது. டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு வர நாளாகும். வெந்நீர் விஷயத்தை டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். “கேஸ விடுங்கக்கா. வெந்நியப் பத்தி எழுதுங்க. எங்கூரு ஆளுங்க படிக்கட்டும்” என்றாள் ஜோதி.

எழுதிவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அந்த வக்கீல் இதைப் படித்தால், தன்னைத்தான் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஒரு சந்தேகம்...

கண்டுபிடிக்கட்டும்.