சந்தனம் பூசிய ரிவால்வர்

மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் என் மாமாவுக்கு வேலை. துரையின் ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போடுவதும் அவர் பொறுப்பு. அதனால் நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

"சீமைக் கம்பெனி சாமான்டா. ஒரு தோட்டா ஏமாத்துனாலும் உருளை சுத்தி அடுத்தது வந்து நின்னுக்கும். பேரைக் குத்தி அனுப்பியிருக்கான்ல, பொய்க்காது" என்பார். அந்தப் பெயரை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. மாமாவுக்கும்தான்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு, பால் வெட்டும் கத்திகளோடு ரிவால்வரையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசியது அம்மா. அம்மாவுக்குத் தாராளமான கை. பூஜை முடிந்ததும் மாமா வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்துத் திருப்பி வைத்துவிட்டார்.

மறுநாள் என் நாய் கங்காணியைக் கடித்தது. வெறி பிடித்துவிட்டது, சுட வேண்டும் என்று அவர் துரையிடம் போய் நின்றார். நாயைப் பலா மரத்தில் கட்டினார்கள். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அப்பா என்னைப் பிய்த்து எடுத்தார்.

துரை குறி பார்த்து விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். காய்ந்த சந்தனம் உருளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. திருகிப் பார்த்தவரின் கட்டைவிரல் மஞ்சளானது. முகர்ந்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். பூட்ஸ் பளபளக்கவில்லை என்று போன வாரம்தான் அதே பூட்ஸால் மாமாவை உதைத்தவர். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில்.

"தொரை, வெறி நாய்ங்க" என்றார் கங்காணி.

"கட்டிப் போடு. வெறின்னா தானா சாவும். நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

நாய் சாகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் குட்டி போட்டது. கங்காணியின் மகனே வந்து ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனான்.

வெகுநாள் அந்தக் கம்பெனிமேல் எனக்கு நன்றி இருந்தது. நல்லவேளை, மோசமான சாமான் செய்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். பங்களாச் சுவரில் இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள் தொங்கின. ஓடிப்போய் ஒன்றை எடுத்து வா என்று துரை ஏன் யாரையும் அனுப்பவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.