மாப்பிள்ளையின் அறை

2024 மார்ச் 10, ஞாயிறு, காலை எட்டே கால். இரவு பெய்த மழை நின்றிருந்தது. வாவிப் பக்கமிருந்து காற்றே இல்லை, வெயில் அதற்குள் சுட்டது. நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். நான்கு பேர் என் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓர் அம்மா சன்னல்களை விரல்விட்டு எண்ணிப் பத்து என்றார். பதினொன்று. குளியலறையை விட்டுவிட்டார்.

தஞ்சாவூரில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு தொண்டு அமைப்பின் மூலம், இரண்டு ஆண்டுகள் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தர மட்டக்களப்புக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பேசுவது தமிழ்தானே, பழகிவிடும் என்று மகன் சொல்லி அனுப்பினான். எனக்குப் பழகவில்லை.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். தளக்கல் பதித்த புது வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறம் ஒரு தகரக் கூரையின் கீழ் மனைவியோடு இருந்தார். நல்ல வீட்டை அந்நியனுக்கு விட்டுவிட்டுத் தகரத்தின் கீழே படுப்பவரிடம் ஏதோ இருக்கிறது என்று முதல் நாளே தோன்றியது. முன்பணமும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பத்து மாத வாடகையை எண்ணி வைக்காமல் சாவி கைக்கு வராது. முன்பணம் வாங்காதவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகச் சொல்லலாம். அவர் மனைவி வாரம் மூன்று தடவை மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்; கிண்ணத்தைத் திருப்பிக் கேட்டதே இல்லை. நான் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன்.

பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். படிக்காமலேயே சைக்கிள் இருக்கையில் வைத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போனது. முகவரியை உறுதிப்படுத்த அதன் பிரதியொன்றைக் கிராம சேவகர் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அதுதான் இந்த நால்வரையும் கொண்டுவந்தது.

வீட்டுக்காரரின் மகளுக்கு ஆகஸ்டில் திருமணம். பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்ப்பவள். சன்னல் எண்ணிய அம்மா மாப்பிள்ளையின் தாய். என் வாசலில் நின்று வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி விளக்கினார். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் மகளுக்காகக் கட்டி, தளக்கல் பதித்ததும் அவர்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள். திருமணம் வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று எனக்கு விட்டார்கள். நான் நீட்டிய தாள் என் தொண்டு அமைப்புக்கு ஏதோ தேவை என்று நினைத்தாராம். மாப்பிள்ளையின் தாய் ஒரே பேச்சில் நின்றார்: அந்தத் தாள் இருக்கும்வரை கலியாணம் இல்லை.

நான் நம்பவில்லை. மகளோடு பாசிக்குடாவில் வேலை செய்யும் யாரோ கூடுதல் வாடகை சொல்லியிருப்பார்கள். என்னைக் கிளப்ப இது ஒரு நாடகம். அப்படியே சொல்லியும் விட்டேன். அதுவரை தன் தாயின் பின்னால் நின்ற மணப்பெண் முன்னால் வந்தாள்.

“சேர், பொய்யெண்டு நினைச்சா கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்க. சோறு பொய்யா இராது.”

அப்பா அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சன்னல் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. அதை அவள் விடவில்லை. நாடகத்தில் கை அப்படி வெளுக்காது. நான் உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தேன். மாப்பிள்ளையின் தாய் அதைத் தொடவில்லை.

“போட்டோக் கொப்பி எத்தினை எடுத்தீங்க சேர்?”

“மூன்று.”

“மூண்டையும் கொண்டு வாங்க. மறுகா கிழிப்பம்.”

மறுகா என்றால் பிறகு என்று அந்த ஐந்து வாரத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். இந்த நாட்டில் என்னைப் போல் யோசிக்கும் ஓர் ஆளை அன்றுதான் கண்டேன். ஒரு பிரதி என் பெட்டியில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று கிராம சேவகரிடம். திங்களும் செவ்வாயும் அந்த அம்மா கூடவே வந்து வாங்கினார். நான்கு தாள்களையும் தானே கிழித்து, வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்டு அடுப்பில் போட்டார். நான் எங்கே போவது என்று கேட்டேன். அதையும் யோசித்து வைத்திருந்தார்.

“மகன் இஞ்ச வந்தா அவன்ட அறை சும்மாதானே கிடக்கும். நீங்க அங்க இருங்க. கண்ணுக்கு முன்னால இருந்தா எனக்கும் நிம்மதி.”

ஆகஸ்டில் திருமணம் நடந்தது. நான் போய்ச் சாப்பிட்டேன், சோறு பொய்யில்லை. மறுநாள் என் பெட்டியை வாவிப் பாலத்துக்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோன ஆட்டோவே மாப்பிள்ளையின் பெட்டியையும் மேசை விசிறியையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. அந்த வீட்டில் நல்ல விசிறி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அறைக்கு இரண்டு சன்னல், தாழ்ப்பாள் ஒன்று சரியில்லை. மாப்பிள்ளையின் தாய் வாசலிலேயே மறித்து மூன்று மாத முன்பணம் கேட்டார். நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். எனக்கு மனம் ஆறியது அப்போதுதான்.

முன்பணம், கலியாண உறை, போகவர ஆட்டோ, மூன்று பிரதிகள், பழைய கதவிலேயே விட்டு வந்த புதுப் பூட்டு, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.